எம்ப்ளாயர் யார், எம்ப்ளாயீ யார்? ஆங்கிலச் சொல்லும் இலக்கணமும் புரிந்துகொள்ள ஒரு வழி

 

இன்று நம் வீடுகளுக்கு வரும் காகிதங்களில் பல ஆங்கிலத்தில்தான் வருகின்றன. வங்கிக் கடன் விண்ணப்பம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு, பாஸ்போர்ட் படிவம், வளைகுடா வேலை ஒப்பந்தம், இன்சூரன்ஸ் பாலிசி, பிள்ளைகளின் கல்லூரிக் கடிதம் என்று அவை வரிசையாக வந்து சேர்கின்றன. கையெழுத்தை முதலில் போட்டுவிடுகிறோம். அதன் பிறகுதான் தெருவில் படித்த பிள்ளையைக் கூப்பிட்டு, "தம்பி, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்கிறோம். வரிசை தலைகீழாக இருக்கிறது.

"எனக்கு இங்கிலீஷ் வராது" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரணம் சொல்வார்கள். ஒன்று, சொற்கள் கணக்கில்லாமல் இருக்கின்றன. இரண்டு, இலக்கணம் நமக்குத் தலைகீழாக இருக்கிறது. இவை இரண்டுமே பாதி உண்மைதான். ஆங்கிலத்தின் நீண்ட சொற்களில் பெரும்பாலானவை, ஒரு சிறிய சொல்லுக்கு முன்னும் பின்னும் சில துண்டுகளை ஒட்டிச் செய்தவை. அந்தத் துண்டுகள் சில டஜன் தெரிந்தால் அன்றாடக் காகிதங்களில் பெருமளவு விளங்கிவிடும். இலக்கணத்திலும் அப்படித்தான். சொல் எந்த இடத்தில் நிற்கிறது, வினைக்கு முன்னால் எந்தத் துணைச்சொல் நிற்கிறது என்பதைப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

பணம் யார் கொடுக்க வேண்டும், யாருக்குக் கொடுக்க வேண்டும், கொடுத்தாகிவிட்டதா, இனிமேல்தான் கொடுப்பார்களா என்பதையெல்லாம் ஒரு காகிதத்தில் தீர்மானிப்பவை இந்தச் சிறு துண்டுகளே. ஆகவே பெரிய சொற்களை மனப்பாடம் செய்வதற்கு முன்னால் இவற்றைப் பார்ப்போம்.

ஸர்ஃபில் ஓதியதுதான்

மத்ரஸாவில் ஸர்ஃபு ஓதியவர்களுக்கு இது பழகிய பாதை. அய்ன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். இல்மு என்றால் அறிவு. ஆலிம் என்றால் அறிந்தவர். மஃலூம் என்றால் அறியப்பட்டது. முஅல்லிம் என்றால் கற்பிப்பவர். தஃலீம் என்றால் கற்பித்தல். வேர் ஒன்று, அச்சு மாற மாறப் பொருள் மாறுகிறது.

ஸர்ஃபு ஓதாதவர்கள் நம் வீட்டுப் பெயர்களையே பார்க்கலாம். ஹம்து என்றால் புகழ். ஹாமித் என்றால் புகழ்பவர். மஹ்மூத் என்றால் புகழப்பட்டவர். ஹமீத் என்றால் புகழுக்குரியவர். ஒரே தெருவில் வசிக்கும் ஹமீது பாயும் மஹ்மூது பாயும் ஒரே வேரில் கிளைத்த பெயர்களைத்தான் சுமக்கிறார்கள்.

அரபியில் பெரும்பாலும் சொல்லின் உள்ளேயே ஒலி மாறுகிறது. தமிழில் எல்லாம் பின்னால் ஒட்டும். 'படி' என்பதிலிருந்து படித்தான், படிப்பு, படிப்பாளி, படிக்காதவர் என்று வளரும். ஆங்கிலத்தில் முன்னாலும் ஒட்டும், பின்னாலும் ஒட்டும். அரபியைப் போல உள்ளே மாறும் சொற்களும் கொஞ்சம் உண்டு. மேன் என்றால் ஓர் ஆள், மென் என்றால் பலர். சிங், சாங், சங் என்று ஒரே வினை காலத்துக்கேற்ப உள்ளே மாறுகிறது.

செல்போன் கற்றுக்கொடுத்த முன்னொட்டுகள்

சொல்லுக்கு முன்னால் ஒட்டுவதை முன்னொட்டு என்கிறோம். இவற்றில் பலவற்றைச் செல்போன் நமக்கு முன்பே கற்றுக்கொடுத்துவிட்டது. சார்ஜ், ரீசார்ஜ் என்பதில் 'ரீ' என்றால் மறுபடியும். ப்ரீபெய்ட், போஸ்ட்பெய்ட் என்பதில் 'ப்ரீ' என்றால் முன்னால், 'போஸ்ட்' என்றால் பின்னால். ஆக்டிவேட், டீஆக்டிவேட் என்பதில் 'டீ' என்றால் இருந்ததை நீக்குதல். அன்லிமிடெட் என்பதில் 'அன்' என்றால் இல்லாத. லிமிட் என்றால் எல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட "ரீசார்ஜ் பண்ணு" என்று சொல்லும்போது ஆங்கிலச் சொல்லமைப்பைச் சரியாகவே பயன்படுத்துகிறார்.

இந்த அறிவை அப்படியே காகிதத்துக்குக் கொண்டு வாருங்கள். 'அன்பெய்ட் லீவ்' என்றால் சம்பளம் தராத விடுப்பு. இன்சூரன்ஸ் பாலிசியில் 'ப்ரீ-எக்சிஸ்டிங் டிசீஸ்' என்றால் பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய். 'ரீஃபண்ட்' என்றால் பணம் திரும்பி வருவது; 'நான்-ரீஃபண்டபிள்' என்றால் கட்டிய பணம் திரும்பி வராது. சவூதியில் வேலை பார்ப்பவர்களுக்கு 'எக்சிட் ரீ-என்ட்ரி' என்பதும் 'ஃபைனல் எக்சிட்' என்பதும் ஒன்றல்ல. முதலாவதில் 'ரீ' இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்து மறுபடியும் நுழையலாம். இரண்டாவதில் அது இல்லை; கணக்கு முடித்து அனுப்புகிறார்கள் என்று பொருள்.

பாஸ்போர்ட்டோடு தொடர்புள்ள இரண்டு சொற்கள் பலரையும் குழப்புகின்றன. எமிக்ரேஷன், இமிக்ரேஷன். 'எ' என்பது வெளியே, 'இ' என்பது உள்ளே. நம் நாட்டிலிருந்து வேலைக்காக வெளியே போவது எமிக்ரேஷன். 1983-ஆம் ஆண்டின் எமிக்ரேஷன் சட்டம் அதைப் பற்றியதுதான். போய் இறங்கும் நாட்டில் உள்ளே அனுமதிப்பது இமிக்ரேஷன். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் வரும் ஈ.சி.ஆர். என்ற குறிப்பில் உள்ள முதல் எழுத்து இந்த எமிக்ரேஷன்தான்.

'சர்நேம்' என்பதும் அப்படிப்பட்ட சொல். 'சர்' என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது. மேலே, கூடுதலாக என்று பொருள். சர்சார்ஜ் என்றால் கூடுதல் கட்டணம். சர்நேம் என்றால் சொந்தப் பெயருக்கு மேல் கூடுதலாக உள்ள குடும்பப் பெயர். நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் அந்தக் கட்டத்தைப் பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் விசிட் விசாவில் நுழைய முடியாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்ற விளக்கம் பின்னால் வந்தது. ஒரு கட்டத்தின் தலைப்பில் இருந்த ஒரு சொல் எத்தனை பயணிகளைக் கலங்க வைத்தது என்று எண்ணிப் பாருங்கள். புதிதாகப் பாஸ்போர்ட் எடுக்கும்போது தந்தை பெயரைச் சர்நேம் கட்டத்தில் எழுதுவது பற்றி முன்பே யோசித்து முடிவு செய்வது நல்லது.

இன்னொரு முன்னொட்டு 'கோ'. சேர்ந்து என்று பொருள். கடன் விண்ணப்பத்தில் 'கோ-அப்ளிகன்ட்', 'கோ-பாரோவர்' என்று எழுதியிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுபவர் சாட்சி அல்லர். சேர்ந்து கடன் வாங்குபவர். 'கேரண்டர்' என்றால் ஜாமீன் நிற்பவர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, வேறு விதமாக எழுதப்படாதவரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. "சும்மா ஒரு கையெழுத்துதான் அக்கா" என்று யாராவது சொன்னால், கையெழுத்துக்குக் கீழே அச்சடித்திருக்கும் சொல்லை முதலில் படியுங்கள்.

தஜ்வீது தெரிந்த பிள்ளைக்கு ஒரு பரிசு

எதிர்ப்பொருள் தரும் முன்னொட்டுகளில் 'இன்' என்பதும் ஒன்று. 'கரெக்ட்' என்றால் சரி, 'இன்கரெக்ட்' என்றால் சரியல்ல. ஆனால் 'லீகல்' என்ற சொல்லுக்கு முன்னால் அது 'இல்லீகல்' ஆகிறது. 'ரெகுலர்' என்பதற்கு முன்னால் 'இர்ரெகுலர்' ஆகிறது. 'பேலன்ஸ்', 'பாசிபிள்' ஆகியவற்றுக்கு முன்னால் 'இம்பேலன்ஸ்', 'இம்பாசிபிள்' என்று மாறுகிறது. இதைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யப் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

மக்தபில் ஓதும் பிள்ளையிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: நூன் ஸாகினுக்குப் பின் லாம், ரா வந்தால் என்ன ஆகும்? இத்காம்; நூன் அடுத்த எழுத்தில் கலந்துவிடும். பா வந்தால்? இக்லாப், நூன் மீமாக மாறும். 'இன்' என்பதன் கடைசி எழுத்தான என் அதே வேலையைத்தான் செய்கிறது. எல் வந்தால் எல்லாகக் கலக்கிறது, ஆர் வந்தால் ஆராகக் கலக்கிறது, பி வந்தால் எம் ஆகிறது. லத்தீன் மொழியிலிருந்து வந்த பழக்கம் இது. மனித நாக்கு ஒன்றுதான் என்பதால் விதியும் ஒத்துப்போகிறது. தமிழ்ப் பாடத்தில் புணர்ச்சி என்று படிப்பதும் இதுவே.

கொடுப்பவரும் பெறுபவரும்

சொல்லின் கடைசியில் ஒட்டுவது பின்னொட்டு. ஈ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளோ, ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகளோ கடைசியில் வந்தால் செய்பவர் என்று பொருள். டீச்சர், டிரைவர், கண்டக்டர், டாக்டர் எல்லாம் அப்படித்தான். இது நம் இஸ்மு ஃபாஇல். இரண்டு ஈ எழுத்துகள் கடைசியில் வந்தால், பெரும்பாலும் அந்தச் செயல் யார்மீது நடக்கிறதோ அவர். இது இஸ்மு மஃப்ஊல். ஆலிமுக்கும் மஃலூமுக்கும் உள்ள உறவு.

எம்ப்ளாய் என்றால் வேலைக்கு அமர்த்து. எம்ப்ளாயர் என்றால் வேலைக்கு அமர்த்துபவர், முதலாளி. எம்ப்ளாயீ என்றால் அமர்த்தப்பட்டவர், தொழிலாளி. ஒப்பந்தத்தில் 'டிக்கெட் செலவு எம்ப்ளாயருடையது' என்று இருந்தால் கம்பெனி கொடுக்கும். 'எம்ப்ளாயீயுடையது' என்று இருந்தால் நம் பிள்ளை கொடுக்க வேண்டும். ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. அதன் விலை ஒரு விமான டிக்கெட்.

வாடகை, குத்தகைப் பத்திரத்தில் லெஸ்ஸர் என்பவர் இடத்தைக் கொடுப்பவர், லெஸ்ஸீ என்பவர் குத்தகைக்கு எடுப்பவர். காசோலையில் பேயீ என்பவர் பணம் பெறுபவர். அடமானத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். மார்ட்கேஜர் என்பவர் வீட்டை அடமானம் வைப்பவர். மார்ட்கேஜீ என்பது அடமானம் பெறும் வங்கி.

நாமினி என்ற சொல்லிலும் அந்த இரண்டு ஈ எழுத்துகள் இருக்கின்றன. நியமிக்கப்பட்டவர் என்று பொருள். வங்கியில் கணக்கு வைத்திருந்தவர் வஃபாத் ஆனால், பணத்தை வங்கியிலிருந்து பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவர் அவர். அதனாலேயே அவர் அந்தப் பணத்துக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகளின் பங்கு அப்படியே இருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. ட்ரஸ்டீ என்ற சொல்லும் இதே இனம். நம்பி ஒப்படைக்கப்பட்டவர் என்பது அதன் பொருள். அமானத்தைச் சுமப்பவர் என்று நாம் சொல்வதுதான். எங்களைப் போன்ற அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் அந்த இரண்டு எழுத்துகளை மறக்கக் கூடாது.

மற்றப் பின்னொட்டுகளையும் குடும்பமாகச் சேர்த்துப் பார்த்தால் எளிது. ஷன், மென்ட், நெஸ், இட்டி என்று முடிந்தால் பெரும்பாலும் பெயர்ச்சொல்: ஆக்ஷன், பேமென்ட், வீக்நெஸ், எலெக்ட்ரிசிட்டி. ஃபுல், லெஸ், ஏபிள் என்று முடிந்தால் பண்பைச் சொல்வது. யூஸ்ஃபுல் என்றால் பயனுள்ள, யூஸ்லெஸ் என்றால் பயனற்ற, பேயபிள் என்றால் கட்ட வேண்டிய. 'லி' என்று முடிந்தால் பெரும்பாலும் எப்படி என்பதைச் சொல்வது: மந்த்லி என்றால் மாதந்தோறும், சேஃப்லி என்றால் பத்திரமாக.

ஒரு வேரை எடுத்து எல்லாவற்றையும் ஒட்டிப் பாருங்கள். ஆக்ட், ஆக்டர், ஆக்ஷன், ஆக்டிவ், ஆக்டிவிட்டி, ஆக்டிவேட், டீஆக்டிவேட், இன்ஆக்டிவ், ரீஆக்ஷன். ஒன்பது சொற்கள், ஒரே வேர். மருந்து சாப்பிட்ட பின் உடம்பில் தடிப்பு வந்தால் ரீஆக்ஷன் என்கிறோம். வங்கிக் கணக்கை நீண்ட நாள் பயன்படுத்தாவிட்டால் இன்ஆக்டிவ் என்கிறார்கள். எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஏமாற்றும் துண்டுகள்

விதி தெரிந்த பிறகு விதிவிலக்கும் தெரிய வேண்டும். பெட்ரோல், கெமிக்கல் ஏற்றிய லாரியில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தால், 'இன்' இருப்பதால் தீப்பிடிக்காது என்று எண்ணிவிடக் கூடாது. எளிதில் தீப்பிடிக்கும் என்பதே அதன் பொருள். இங்கே 'இன்' என்பது 'உள்ளே' என்ற பொருளில் வந்தது. 'ஃப்ளேமபிள்' என்று எழுதினாலும் அதே பொருள்தான்.

'ப்ரைஸ்லெஸ்' என்றால் விலையில்லாதது என்று இகழ்வதல்ல, விலைமதிப்பற்றது. இகழ்ந்து சொல்வது 'வொர்த்லெஸ்'. 'ஹார்ட்' என்பதோடு 'லி' சேர்த்தால் பொருளே கவிழ்ந்துவிடும். 'ஹி வொர்க்ஸ் ஹார்ட்' என்றால் அவர் கடுமையாக உழைக்கிறார். 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்றால் அவர் வேலையே செய்வதில்லை என்று பொருள். சான்றிதழில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் அல்லவா?

ஆஸ்பத்திரியில் கேட்கும் 'ஹைப்பர்', 'ஹைப்போ' என்ற இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத் தோன்றும். ஹைப்பர் என்றால் அளவுக்கு மேல். ஹைப்போ என்றால் அளவுக்குக் கீழ். சர்க்கரை நோயாளிக்கு ஹைப்பர்கிளைசீமியா என்றால் இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது; ஹைப்போகிளைசீமியா என்றால் குறைந்துவிட்டது. வீட்டார் செய்ய வேண்டிய முதலுதவியே மாறிவிடும். 'ஆன்ட்டி' வகையிலும் இரண்டு உண்டு. ஈ எழுத்து போட்ட 'ஆன்ட்டி' என்றால் முன்பு. ஆன்ட்டிநேட்டல் என்றால் பேறுகாலத்துக்கு முந்திய பரிசோதனை. ஐ எழுத்து போட்ட 'ஆன்ட்டி' என்றால் எதிர். ஆன்ட்டிபயாட்டிக் என்றால் கிருமிகளுக்கு எதிரான மருந்து.

ஒரே மொழிக்குள் ஏன் இத்தனை குழப்பம் என்று கேட்கலாம். ஆங்கிலம் பல ஊர்த் தண்ணீர் கலந்த ஆறு. அடிப்படைச் சொற்கள் ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து வந்தவை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு கலந்தது. அதனால்தான் தொழுவத்தில் இருக்கும்போது ஷீப், தட்டில் வந்ததும் மட்டன். அறிவியலும் மருத்துவமும் லத்தீன், கிரேக்கச் சொற்களைக் கொண்டுவந்தன. நம் பங்கும் உண்டு. கட்டுமரம் அங்கே கேட்டமரான் ஆனது. சுருட்டு செரூட் ஆனது. மிளகுத்தண்ணீர் மல்லிகட்டானி சூப் ஆனது. அரபியிலிருந்து அல்ஜப்ர் அல்ஜீப்ரா ஆனது. ஸிஃப்ர் என்பது ஸீரோ ஆனது. சேமிப்புக் கிடங்கைக் குறிக்கும் மக்ஸன் என்பதன் பன்மை மகாஸின், மேகஸின் ஆனது. ஆகவே ஆங்கிலத்தை முற்றிலும் அந்நிய வீடாகப் பார்க்க வேண்டியதில்லை.

இடம் மாறினால் கடன் மாறும்

இனி இலக்கணத்துக்கு வருவோம். நஹ்வில் சொற்கள் மூன்று வகை: இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு. தமிழில் நான்கு: பெயர், வினை, இடை, உரி. ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் எட்டு. நவுன், ப்ரோநவுன், அட்ஜெக்டிவ் மூன்றும் நம் இஸ்முக்குள் அடங்கும். வெர்ப் என்பது ஃபிஃலு. ப்ரிபொசிஷன், கன்ஜங்ஷன் இரண்டும் ஹர்ஃபுக்குள் வரும். மூன்று பெட்டியைத் திறந்து எட்டுப் பெட்டியாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் பயம் போய்விடும்.

உண்மையான வேறுபாடு சொற்களின் வரிசையில் இருக்கிறது. "ரஹீம் கரீமுக்குப் பணம் கொடுத்தார்" என்பதை "கரீமுக்கு ரஹீம் பணம் கொடுத்தார்" என்று மாற்றினாலும் கொடுத்தவர் ரஹீம்தான். 'கு' என்ற உருபு காப்பாற்றுகிறது. மத்ரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரிந்த ஜைதும் அம்ரும் இருக்கிறார்களே, "ளரப ஜைதுன் அம்ரன்" என்றாலும் "ளரப அம்ரன் ஜைதுன்" என்றாலும் அடித்தவர் ஜைதுதான். கடைசி ஹரகத் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆங்கிலத்தில் அந்த உருபும் இல்லை, ஹரகத்தும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் இருந்தது. நூற்றாண்டுகள் செல்லச் செல்லத் தேய்ந்து போயிற்று. அதனால் இடம்தான் எல்லாம். 'ரஹீம் பெய்ட் கரீம்' என்றால் ரஹீம் கொடுத்தார், கரீம் பெற்றார். 'கரீம் பெய்ட் ரஹீம்' என்றால் கணக்கே மாறிவிட்டது. செய்பவர் முதலில், வினை நடுவில், பெறுபவர் பின்னால் என்ற வரிசையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

இடத்தைக் காட்டும் சொல் தமிழில் பின்னால் வரும்: வீட்டில், கடைக்கு, ஊரிலிருந்து. ஆங்கிலத்தில் முன்னால் வரும்: இன் த ஹவுஸ். இது நம் பிள்ளைகளுக்குப் புதிதா? ஃபில் பைத், இலல் மஸ்ஜித் என்று ஓதும்போது ஃபீயும் இலாவும் முன்னால்தானே நிற்கின்றன.

நம்மிடம் இல்லாத சொல்

"இவர் ஆசிரியர்" என்று தமிழில் முடித்துவிடலாம். அரபியிலும் "ஹாதா முஅல்லிமுன்" என்று முடிந்துவிடும். இரண்டிலும் நடுவில் வினை தேவையில்லை. ஆங்கிலத்தில் தேவை: 'ஹி இஸ் எ டீச்சர்'. நம் பிள்ளைகள் அந்த 'இஸ்' என்பதை விட்டுவிடுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல; அவர்கள் அறிந்த இரண்டு மொழிகளிலும் அது இல்லை. காரணத்தைச் சொல்லித் திருத்தினால் பிள்ளை திருந்தும், திட்டினால் வாய் மூடிவிடும்.

'த' என்பதும் 'எ' என்பதும் அப்படித்தான். 'த' என்பது ஏறக்குறைய அலிஃப் லாம் போல: தெரிந்த, குறிப்பிட்ட ஒன்று. 'எ' என்பது தன்வீன் போல: ஏதோ ஒன்று. உயிரொலிக்கு முன்னால் 'எ' என்பது 'அன்' ஆகும். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பார்க்க வேண்டும். ஹவர் என்பதை அவர் என்று உச்சரிப்பதால் 'அன் அவர்'. யுனிவர்சிட்டி என்பது 'யு' ஒலியில் தொடங்குவதால் 'எ யுனிவர்சிட்டி'.

கொடுத்தாரா, கொடுக்கப்பட்டதா, கொடுப்பாரா?

ஒரு வினைக்கு முன்னால் நிற்கும் துணைச்சொற்களில்தான் பெரும்பாலான வழக்குகள் ஒளிந்திருக்கின்றன. 'ஐ பெய்ட்' என்றால் நான் கொடுத்தேன். 'ஐ வாஸ் பெய்ட்' என்றால் எனக்குக் கொடுக்கப்பட்டது. ளரப என்பதற்கும் ளுரிப என்பதற்கும் உள்ள வேறுபாடு, மஃரூஃபும் மஜ்ஹூலும். அரபியில் ஹரகத் செய்வதை ஆங்கிலத்தில் 'வாஸ்' செய்கிறது.

'வில் பி பெய்ட்' என்றால் இனிமேல் கொடுக்கப்படும். 'ஹேவ் பீன் பெய்ட்' என்றால் கொடுக்கப்பட்டுவிட்டது. வேலையை விட்டு நிற்கும்போது நீட்டும் ஃபைனல் செட்டில்மென்ட் காகிதத்தில் இந்த இரண்டில் எது இருக்கிறது என்று பாருங்கள். 'ஐ ஹேவ் பீன் பெய்ட் ஆல் மை ட்யூஸ்' என்று இருந்தால், எனக்குச் சேர வேண்டியது முழுவதும் வந்துவிட்டது என்று நீங்களே எழுதிக்கொடுப்பதாகப் பொருள். பணம் கைக்கு வருவதற்கு முன்னால் அதில் கையெழுத்துப் போட்டால், பிறகு கேட்பதற்கு ஆதாரமே நமக்கு எதிராக நிற்கும்.

'மே', 'ஷல்' என்ற இரண்டும் அப்படியே. 'எம்ப்ளாயர் ஷல் ப்ரொவைட் ஃபுட்' என்றால் முதலாளி உணவு கொடுத்தே ஆக வேண்டும். 'எம்ப்ளாயர் மே ப்ரொவைட் ஃபுட்' என்றால் விரும்பினால் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் கேட்க முடியாது. ஏஜென்ட் வாயால் சொல்வதைக் காது கேட்கட்டும். கண் இந்தச் சிறு சொல்லைத் தேடட்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரு நோட்டு வாங்குங்கள். பக்கத்துக்கு ஒரு வேர் எழுதுங்கள். பே, ஆக்ட், யூஸ், போர்ட், ஃபார்ம் என்று தொடங்கலாம். அந்த வேரில் பிறந்த சொல் எங்கே கண்ணில் பட்டாலும், மருந்து அட்டையோ, பஸ் டிக்கெட்டோ, அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு வேர் என்றால் ஒரு வருடத்தில் ஐம்பது வேர். ஒவ்வொன்றிலும் ஆறேழு சொற்கள் என்றாலும் முந்நூறு சொற்களைத் தாண்டிவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது தேர்வுக்கும் உதவும். ஒரு மதிப்பெண் வினாக்களில் முன்னொட்டு, பின்னொட்டு, கூட்டுச்சொல் எல்லாம் கேட்கிறார்கள்.

வீட்டில் உள்ள ஆங்கிலக் காகிதம் ஒன்றை வாரம் ஒருமுறை எடுத்து, பிள்ளையைப் படிக்கச் சொல்லி, தாயார் பொருள் கேட்கட்டும். பிள்ளைக்கும் படிப்பு, தாயாருக்கும் விவரம். பெண் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கட்டாயம் ஒப்படையுங்கள். நாளை கடன் படிவத்திலும் ஆஸ்பத்திரிச் சம்மதப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் அவர்களும்தான்.

வயதாகிவிட்டது, வேற்றுமொழி நமக்கு வராது என்று யாரும் ஒதுங்க வேண்டாம். அரபி நஹ்வின் இமாமாக மதிக்கப்படும் ஸீபவைஹி பிறப்பால் பாரசீகர். ஹதீஸ் பாடத்தில் தம் உச்சரிப்புத் திருத்தப்பட்டதால் இலக்கணம் படிக்கத் தொடங்கினார் என்று வரலாற்றில் சொல்லப்படுகிறது. எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் அவர் எழுதிய 'அல்கிதாப்' நூலிலிருந்து அரபிகளே இலக்கணம் படித்தார்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழ் கற்று 1730-இல் 'தொன்னூல் விளக்கம்' எழுதினார். அயல்மொழி அவர்களுக்கும் முதலில் சிறு சிறு துண்டுகளாகத்தான் கைக்கு வந்திருக்கும்.

ஆங்கிலத்தில் சொற்பொழிவு ஆற்ற வேண்டும் என்று கேட்கவில்லை. நம் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதை நாமே படித்துப் பொருள் கொள்ள வேண்டும். புரியாத காகிதம் எதுவானாலும், கையெழுத்துப் போடுவதற்கு முந்திய நாள் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம், இன்ஷா அல்லாஹ். போட்ட மறுநாள் கொண்டு வந்தால் எங்களால் பொருள் மட்டுமே சொல்ல முடியும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்